நாற்பத்திரண்டு வாசல்

மஞ்சக்கல் தோட்டத்தில் ஒரு மனிதன் கௌரவமாகப் போய்ச் சேர்வதற்கு விலை மாதம் நூறு ரூபாய்.

அந்த நூறு ரூபாய்க்கு மழைக்குக் கட்டத் தறப்பாள் வரும், உட்கார அறுபது கதிரை வரும், டீக்கு இரண்டு பெரிய கேத்தல் வரும், மலையடிவாரம் வரைக்கும் ஒரு லொறி வரும். இவற்றோடு பாலம்மாவும் வருவாள். பாலம்மாவுக்கென்று தனி விலை ஏதும் போடவில்லை. பதினெட்டு வருடமாக அவள் இலவச இணைப்பு. விலை எழுதாத சரக்கை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கமாட்டார்கள் என்று எந்தக் கடைக்காரரும் சொல்லுவார். மஞ்சக்கல் அதற்கு விலக்கு. அவளை மதித்தார்கள். கொஞ்சம் பயந்தும் இருந்தார்கள்.

அந்த நூறு ரூபாயை வசூலிக்கும் மரண உதவிச் சங்கத்தின் செயலாளர் பாலம்மா பிரதேச சபைத் தேர்தலில் சுயேச்சையாக நிற்பது தெரிந்த கதை. கூடப்பிறந்த அண்ணன் கணபதி பெரிய கட்சியின் தோட்டத் தலைவராக எதிர்ப்பக்கம் நிற்பதும், "என் வாசலை மிதிக்காதே" என்று புசல்லாவை பஸ் நிலையத்தில் நாலு பேர் பார்க்க அவன் சொன்னதும் போன வாரக் கதை. சுயேச்சைக்குக் கிடைத்த சின்னம் மேசை விசிறி. போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே எடுக்கவே யோசிக்கிற ஊரில் விசிறி. அதை வைத்து ஊர் சிரித்து முடித்து இரண்டு வாரமாகிறது.

சிரிக்க முடியாத விசயம் வேறு ஒன்று இருந்தது.

முதல் வாரம் பாலம்மா மேல் பிரிவுக்கு ஓட்டுக் கேட்கப் போனாள். நாற்பத்திரண்டு வீட்டுக்கும் போனாள். ஒவ்வொரு வாசலிலும் நின்றாள். "எலக்சன் வருது. விசிறிக்குப் போடுங்க" என்றாள். திரும்பிப் பாராமல் அடுத்த வாசலுக்கு நடந்தாள். ஒன்றே கால் மணித்தியாலத்தில் வேலை முடிந்தது என்று அவளுக்குப் பெருமைகூட.

பதினெட்டு வருடம் சாவு சொல்லிப் பழகிய கால்கள். சாவு சொல்லப் போகிறவர் உட்காரமாட்டார். தண்ணி வாங்கிக் குடிக்கமாட்டார். "போயிட்டு வர்றேன்" என்று சொல்லமாட்டார். அந்தக் காரியத்துக்காக அந்த வீட்டுக்கு இன்னொரு தடவை வரவே கூடாது என்பதுதான் அதில் இருக்கிற மரியாதை. பாலம்மா அதே மரியாதையோடு ஓட்டும் கேட்டுவிட்டாள்.

பத்து நாளில் மேல் பிரிவில் ஒரு கன்றுக்குட்டி செத்தது. ஒரு ஆள் படியில் வழுக்கிக் கையை முறித்தான். ஒரு பெண்ணுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கினார்கள். வரிசை வீடுகளான லயம் கணக்குப் போட்டது. அவள் வந்து நின்ற விதத்தையும் போன விதத்தையும் திரும்பத் திரும்பப் பேசியது. அதற்குப் பிறகு சாம்பல் நிறச் சேலை மேட்டில் தெரிந்தாலே கதவுகள் சாத்திக்கொண்டன.

"எங்க பக்கத்துல மையத்துச் சொல்ல வாற ஆளுங்ககூட இவ்வளவு வெறப்பா நிக்க மாட்டாங்கக்கா" என்று சொன்னவள் றமீஸா. புசல்லாவை டவுனில் தையல் கடை வைத்திருப்பவள், அதே விசிறிப் பட்டியலில் இன்னொரு வேட்பாளர். சொன்னதோடு நிற்காமல் மஞ்சள் நிறத்தில் ஒரு சேலையும் கொடுத்தனுப்பினாள்.

இன்று புதன்கிழமை. நள்ளிரவோடு பிரசாரம் முடிகிறது. டவுன் றோட்டையும் கீழ்ப் பிரிவையும் கூட்டிக் கழித்துப் பார்த்தாயிற்று. லயத்தில் ஓட்டு ஆளுக்கு ஆள் விழாது, வீட்டுக்கு வீடு விழும். மேல் பிரிவில் இருபது வீடு விழுந்தால் பாலம்மா உறுப்பினர். பத்தொன்பது விழுந்தால் பழையபடி கேத்தலும் கதிரையும்.

*

விடிந்ததா இல்லையா என்று சொல்ல முடியாத காலை. பனி மலையை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டு வந்தது. தேயிலைச் செடிகள் மிதந்தன. பாதையில் முன்னால் போகிற அம்மா மஞ்சளாகத் தெரிவதும் கரைவதுமாக இருந்ததைப் பார்த்தபடி பாலம்மாவின் மகள் ரஞ்சிதமலர் ஏறினாள்.

ரஞ்சி கண்டியில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். குண்டசாலையில் வாடகை அறை. மூன்று நாள் லீவு கேட்டதற்கு முதலாளி இரண்டு நாள் கொடுத்து, அதுவே பெரிய தயவு என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வீடு பெயர்ப் பட்டியல் எல்லாம் அவளுடைய போனில் இருந்தது. இந்தத் தேர்தலின் மூளை அவள்தான் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. அது முழுக்கத் தப்பும் இல்லை.

"சொல்லுங்கம்மா."

"போயிட்டு…"

"ம்."

"போயிட்டு வர்றேன்."

ரஞ்சி நின்றாள். "யாரையோ மெரட்டுற மாதிரி இருக்கு."

பாலம்மா இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். இந்தத் தடவை அழுவது போல இருந்தது. மூன்றாவது தடவை கொழுந்து நிறுக்கிறவர் இறாத்தல் கணக்குச் சொல்வதுபோல இருந்தது. கடைசியில் பாதையோரத்து மரம் ஒன்றைப் பார்த்துச் சொன்னாள். மரத்துக்குச் சொன்னது நன்றாக வந்தது.

மேல் பிரிவுக்குப் போக இந்த ஒற்றையடிப் பாதைதான். இருநூற்றுப் பன்னிரண்டு படி, பிறகு சறுக்கல், பிறகு மறுபடி படி. நாலு தேர்தலாக இது றோட்டாகிக்கொண்டிருக்கிறது. சாமான் ஏறுவதும் இதில்தான், நோயாளி இறங்குவதும் இதில்தான். மேல் பிரிவின் சாவுகளில் எத்தனை இந்தப் பாதையிலேயே நடந்தவை என்று யாரிடமும் கணக்குக் கிடையாது. பாலம்மாவிடம் உண்டு. அவள் அதை எந்த மேடையிலும் சொன்னதில்லை.

வேலையில்லாத புதன். வறட்சிக்குக் கொழுந்து குறைந்து, கிழமையில் மூன்று நாள்தான் பேர் போட்டு வேலை கொடுக்கிறார்கள். அதனால் லயத்தில் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். இருந்தார்கள் என்பது புகையில் தெரிந்தது. கதவுகள் சாத்தியிருந்தன.

முதல் வாசல் கணபதியுடையது. தலைவர் வீடு. அந்தக் கதவு என்ன செய்கிறதோ அதைத்தான் மற்ற நாற்பத்தொன்றும் செய்யும். அது ரஞ்சிக்குத் தெரியும், பாலம்மாவுக்குத் தெரியும், சாத்திய கதவுகளுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றவர்களுக்கும் தெரியும்.

கணபதி விடியுமுன்பே கம்பளைக்குப் போயிருந்தான், கட்சிக் காரியாலயத்தில் கூட்டம். கதவைத் திறந்தது அவன் மனைவி நல்லம்மா. திறந்தவள் உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நிலையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எதுக்கு வந்திருக்க பாலம்மா?"

"உக்கார வந்தேன் அண்ணி."

"ஓட்டுக் கேக்கவா?"

"உக்காந்துட்டுக் கேக்குறேன்."

நல்லம்மா சிரிக்கவில்லை. அவள் பேசத் தொடங்கியபோது குரல் தாழ்ந்திருந்தது. பக்கத்து வீட்டுக் காம்பராவில் யாரோ கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது, பிறகு அந்தச் சத்தமும் இல்லை.

"என் மகளுக்குச் சடங்கு வச்சோம். அஞ்சு வருசமாச்சு. லயமே வந்துச்சு. நீ வரல."

"கதிர அனுப்புனேன் அண்ணி."

"வந்துச்சு. அறுவது. அதுல ஒண்ணுலகூட நீ வந்து உக்காரல."

பாலம்மா சேலைத் தலைப்பைச் சரி செய்தாள். சரியாக இருந்ததைத்தான் சரி செய்தாள். தான் வந்து நின்றால் சனம் ஒரு நிமிசம் பேச்சை நிறுத்தும், அந்த ஒரு நிமிசம் அண்ணி வீட்டுச் சடங்கில் வேண்டாம் என்று நினைத்ததாகச் சொன்னாள்.

"யாரு நிப்பாட்டுனா? நீயா நெனச்ச, நீயா வராம இருந்த. எங்க புள்ளயத் தூக்கிக்கிட்டு எறங்குனியே, அதுக்கப்புறம் இந்த வாசலத் தாண்டி ஒன் காலு படல. பதினாலு வருசம். ஒப்புக்குக்கூட ஒரு நாளு வந்து டீ கேக்கல."

மூன்று வயசுப் பிள்ளை. காய்ச்சல். அன்று கணபதி கொழும்பில் கட்சி ஊர்வலத்தில் இருந்தான். பாலம்மாதான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள், பின்னால் நல்லம்மா. நடுப்பாதையில் தோளில் இருந்த சூடு குறைந்தது. பெரிய றோட்டுக்கு வந்து சேரும்வரைக்கும் பாலம்மா அதைப் பின்னால் வருகிறவளிடம் சொல்லவில்லை. நூறு படி அவள் அந்தச் செய்தியோடு தனியாக இறங்கினாள். சங்கத்தில் சேர்ந்து நாலு வருடமாகியிருந்த அவள், ஒரு வீட்டுக்குச் சாவு சொல்ல முடியாமல் போனது அந்த ஒரு தடவைதான்.

"அந்தப் பாதைக்குத்தான் அண்ணி நிக்கிறேன்" என்றாள் பாலம்மா.

நல்லம்மா நிலையிலிருந்து கையை எடுத்தாள். வாசலோரத்து இஸ்தோப்பில் கிடந்த கதிரையைத் தன் முந்தானையால் துடைத்தாள். உள்ளே போனாள். டீ வந்தது.

"டீ வேற, ஓட்டு வேற" என்றாள், கோப்பையை நீட்டிக்கொண்டே. "அவரு ஒனக்கு அண்ணன், எனக்குப் புருசன். எதையும் கேக்காத, நானும் எதையும் சொல்லல."

கேட்கவில்லை. குடித்தாள். நல்லம்மாவின் மகள் பாஸ்பண்ணின பாடங்களைப் பற்றிப் பேசினார்கள், அந்தப் பெண்ணுக்கு இது முதல் ஓட்டு என்பதைப் பற்றிப் பேசவில்லை. எழுந்தபோது மரத்திடம் பழகிய சொல் பழகாமலே வந்தது.

"போயிட்டு வர்றேன் அண்ணி."

"எப்ப?"

யாரும் அப்படிக் கேட்பார்கள் என்று ரஞ்சி சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. பாலம்மா விரல்விட்டு எண்ணினாள்.

"ஞாயித்துக்கெழம. ஜெயிச்சாலும் தோத்தாலும்."

*

ஒரு கதவு திறந்தது. பிறகு அதற்கடுத்தது. பனிக்குள் கதவுகள் திறக்கிற சத்தம் மட்டும் முன்னே முன்னே போனது, யாரோ கண்ணுக்குத் தெரியாத ஆள் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போவது போல.

அதற்குப் பிறகு அந்தப் பகல் நடந்ததா, நடந்த மாதிரி இருந்ததா என்று பாலம்மாவுக்குத் தெளிவாகச் சொல்ல வரவில்லை. ஒரே மாதிரி காம்பரா, ஒரே மாதிரி சாம்பிராணிப் புகை, ஒரே மாதிரி கோப்பையில் வேறு வேறு முகம். உட்கார்ந்தாள், குடித்தாள், எழுந்தாள், போயிட்டு வர்றேன் என்றாள். எழுந்த இடத்திலிருந்து மறுபடி உட்கார்ந்த இடத்துக்கு எப்படி வந்தாள் என்பது நினைவில்லை. இந்த வீடுகளை அவளுக்குத் தெரியும். அழுகிற நேரத்தில் தெரியும், அலுமாரியை நகர்த்தி இடம் பண்ணின நேரத்தில் தெரியும். அதே அலுமாரி அதன் இடத்தில் நிற்கிறது. அதன்மேல் ஒரு பொம்மை, ஒரு பள்ளிக்கூடத்துக் கப், பிளாஸ்டிக் பூ. பதினெட்டு வருடமாக வந்து போன வீடுகளில் பூ இருந்ததை இன்றைக்குத்தான் பார்த்தாள்.

ஒரு வீட்டில் சின்னப்பிள்ளை ஒன்று அவள் மடியில் ஏறி உட்கார்ந்தது. அதன் தாய் ஒரு கணம் திகைத்து, பிறகு விட்டுவிட்டாள். கைமுறிந்த ஆள் கட்டுப்போட்ட கையாலேயே கோப்பையை நீட்டி, அந்தப் படியில் ஏற்கெனவே இரண்டு தடவை விழுந்திருப்பதாக வெட்கத்தோடு ஒத்துக்கொண்டான். கன்றுக்குட்டிக்காரி மட்டும் சமாதானமாகவில்லை, ஆனால் டீ கொடுத்தாள்.

மூன்று மடக்குக்கு மேல் குடிக்கக் கூடாது என்று ரஞ்சி கண்ணால் சொன்னாள். லயத்தில் மூன்று மடக்கோடு கோப்பையை வைத்தால் வீட்டுக்காரி முகம் விழுந்துவிடும். பதினேழாவது வீட்டில் தேர்தலோடு சம்பந்தமில்லாத ஒரு அவசரம் வந்தது. அந்த வீட்டுக்காரி வாளியில் தண்ணி எடுத்துக் கொடுத்துக் கொல்லைப்பக்கம் வழி காட்டினாள். ஒரு வேட்பாளரும் வாக்காளரும் இதைவிட நெருக்கமாகப் பழக முடியாது.

நாற்பத்தொரு வீட்டிலும் ஒரே பதில். "ஒங்களுக்குப் போடாம யாருக்குப் போடப்போறோம்?" நாற்பத்திரண்டாவது வாசலை விட்டு இறங்கியபோது வெயில் சாய்ந்து பனி மறுபடி திரும்பிக்கொண்டிருந்தது.

*

"நாப்பத்தொண்ணும்மா" என்றாள் ரஞ்சி. படியில் இறங்காமல் மிதந்துகொண்டு வந்தாள். "அத்த ஒண்ணும் சொல்லல, சரி. மத்த நாப்பத்தொண்ணும் நமக்கு."

பாலம்மா நடுப்பாதையில் ஒரு கல்லில் உட்கார்ந்தாள். பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னாள்.

மூன்றாவது பெயரில் நிறுத்தினாள். "அத அடிச்சிரு."

"ஏன்? சத்தியம் பண்ணாத கொறையாச் சொன்னாங்களே."

"சீனிய அள்ளிப் போட்டா."

ரஞ்சிக்குப் புரியவில்லை. பாலம்மா விளக்கினாள். இந்த விலைவாசியில் மூணு கரண்டி சீனி யாரும் சும்மா போடமாட்டார்கள். நமக்கு ஓட்டுப் போடுகிறவள் தன் வீட்டு ஆளுக்குப் போடுகிற மாதிரி ஒரு கரண்டி போடுவாள். போடப்போவதில்லை என்று முடிவு பண்ணினவள்தான் மனசு கேட்காமல் டப்பாவைக் கவிழ்ப்பாள். புடைவைக் கடையில் சேலையை வாய்க்கு வாய் புகழ்கிறவர்கள் வாங்காமல் எழுந்து போவதை ரஞ்சி கண்டியில் பார்த்ததில்லையா?

பார்த்திருந்தாள். ஒவ்வொன்றாக அடித்தாள். அடிக்க அடிக்க அவள் முகமும் குறைந்துகொண்டு வந்தது. இனிப்பு, அடி. தொண்டையைப் பிடித்த இனிப்பு, அடி. இருபத்திரண்டு பெயர் போனது.

"பத்தொம்போது" என்றாள் ரஞ்சி. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை எண்ணினாள். எண்ணிக்கை இருபதுக்கு ஏறவில்லை.

கீழ் வளைவில் செருப்புச் சத்தம். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. கணபதி ஏறி வந்துகொண்டிருந்தான். கம்பளை பஸ்ஸை விட்டு இறங்கியதுமே செய்தி அவன் காதுக்கு வந்திருக்க வேண்டும். ரஞ்சி எழுந்து அம்மாவுக்கு முன்னால் நின்றாள். பாலம்மா அவளைக் கையால் ஒதுக்கினாள்.

அவன் அவர்களைத் தாண்டிப் போகவில்லை. இரண்டு படி கீழேயே நின்று மூச்சு வாங்கினான். ஐம்பத்தாறு வயசு. நாலு தேர்தலில் இந்தப் பாதைக்கு வாக்குக் கொடுத்த ஆள், அதே பாதையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எல்லா வீட்டுலயும் குடிச்சியாமே."

"குடிச்சேன்."

"என் வீட்டுலயும்."

"மொத அங்கதாண்ணே."

அவன் சத்தம் போடுவான் என்று ரஞ்சி காத்திருந்தாள். அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எதிர்ப்பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தான். மூன்று மாதத்தில் அண்ணனும் தங்கையும் ஒரே உயரத்தில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

"எத்தன விழும்?" என்றான்.

ரஞ்சி வாயைத் திறக்குமுன் பாலம்மா சொல்லிவிட்டாள். "பத்தொம்போது."

கணபதி தலையை ஆட்டினான். பதிலுக்கு அவன் பொய் சொல்லியிருக்கலாம். அதில் அவனுக்கு நல்ல பழக்கமும் உண்டு. சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தான்.

"ஆபீசுல முப்பத்தஞ்சுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். நெசம் இருவத்திரெண்டு."

தாளை நீட்டினான். ரஞ்சி அதை வாங்கிப் போன் வெளிச்சத்தில் பிடித்தாள். பென்சிலில் எழுதிய பெயர்கள். அவள் அடித்த இருபத்திரண்டு பெயரும் அதில் இருந்தன. ஒன்று கூடுதலும் இல்லை, ஒன்று குறைவும் இல்லை. ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பேர், ஒருவர் அரசியலிலும் ஒருவர் சாவிலுமாக, லயத்தை ஒரே மாதிரி படித்திருந்தார்கள்.

அவள் விரலால் கூட்டினாள். மறுபடி கூட்டினாள்.

"மாமா, ஒரு வீடு கொறையுது."

"தெரியும்."

"ஒங்க வீடு ஒங்க தாள்ல இல்ல."

"எந்த எலக்சன்லயும் அத எழுதுனதில்ல. எழுதத் தேவ இருந்ததில்ல." கணபதி தாளைத் திரும்ப வாங்கி, மடிப்பு விழுந்த இடத்திலேயே மடித்தான். "இந்தத் தடவ எழுதிருவோம்னு காலையில பென்சில எடுத்தேன். ஒங்க அத்த வெளக்கப் புடிச்சுக்கிட்டுப் பக்கத்துல நின்னா. எழுதாமலே பைல வச்சுக்கிட்டேன்."

டீ கொடுத்த அண்ணி ஓட்டைப் பற்றி எதையும் சொல்லவில்லை என்பதைப் பாலம்மா அவனிடம் சொல்லவில்லை.

மேலே லயத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பனிக்குள் ஏற்றப்பட்டன, தூரத்தில் யாரோ தூக்கத்தில் கண் திறப்பது போல. மூன்று பேரும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணபதி எழுந்தான். வீட்டுக்குப் போக வேண்டிய ஆள், போகாமல் கொஞ்ச நேரம் நின்றான்.

ரஞ்சி போனில் அன்றைய கடைசி வரியை எழுதினாள்.

மேல் பிரிவு, வீடு நாற்பத்திரண்டு. அம்மாவுக்குப் பத்தொன்பது. மாமாவுக்கு இருபத்திரண்டு. பாக்கி ஒன்று.